யாருடைய கை?

சங்கம் என்றால் எங்கள் வீட்டில் ஒரே பொருள்தான். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம். 1954-இல் பல தொழிற்சங்கங்கள் இணைந்து உருவான அந்தச் சங்கத்தின் சந்தாவைத் தாத்தாவின் சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்துக்கொள்வார்கள். அதனால் 2018-இல் செர்டாங்கிலிருந்து தொலைபேசியில், "பாட்டி, இங்கே ஒரு சங்கத்துல சேர்ந்திருக்கேன்" என்று நான் சொன்னதும், பாட்டி கேட்ட முதல் கேள்வி "சந்தா எவ்வளவு?" என்பதுதான். ஆண்டுக்கு ஒரு முறை கொஞ்சம் கொடுக்க வேண்டும் என்றேன். "கூலி ஏத்திக் கொடுப்பாங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் எதுக்குக் கண்ணு?"

அப்பாவின் கவலை வேறு. அவர் தலைமுறைக்குப் பல்கலைக்கழகம், மாணவர், சங்கம் ஆகிய மூன்று சொற்களும் ஒன்றாக வந்தால் வயிற்றில் புளி கரைக்கும். 1974-இல் ரப்பர் விலை விழுந்து பாலிங் வட்டார மக்கள் வாடியபோது அவர்களுக்காகத் தலைநகரில் ஊர்வலம் போன மாணவர்கள் கைதானதையும், மறு ஆண்டே பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் திருத்தி இறுக்கப்பட்டதையும் அவர் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர். அந்தச் சட்டம் 2012-இல் தளர்த்தப்பட்டு, மாணவர்கள் அரசியல் கட்சியில்கூடச் சேரலாம் என்றான பிறகும் அவருடைய பயம் மட்டும் தளரவில்லை. "படிக்கப் போன இடத்துல படி" என்றார். அது அப்பாக்களின் தேசிய கீதம்.

நான் சேர்ந்தது முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களின் சங்கம். எந்தத் துறையினரும் சேரலாம். கொடி இல்லை, முழக்கம் இல்லை. புதிதாக வருகிற வெளிநாட்டு மாணவருக்கு வீடு பார்த்துத் தருவது, ஆய்வேட்டை அச்சிட மலிவான கடை எது என்று சொல்வது, பந்து விளையாட்டு, பெருநாள் விருந்து ஆகியவையே அதன் அன்றாட வேலைகள். இவற்றோடு மாதத்திற்கு ஒரு மாலை, யாராவது ஒருவர் தம் ஆய்வைப் பிற துறையினருக்குப் பதினைந்து நிமிடங்களில் விளக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாத சொல்லைச் சொன்னால், அவர் கையைத் தூக்கி நிறுத்தலாம். விதி அவ்வளவுதான்.

இளங்கலை படிக்கும் தம்பி தங்கைகள், "இதற்கு ஏன் ஒரு சங்கம்? நமக்குத்தான் பேரவை இருக்கிறதே" என்று கேட்கலாம். இளங்கலைக் காலத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாடகப் பயிற்சி, பொங்கல் விழா, மலர் வேலை என்று இரவு இரண்டு மணிவரை யாராவது பக்கத்தில் இருந்தார்கள். பட்டமளிப்பு விழா முடிந்து, அங்கியைத் திருப்பிக் கொடுத்து, அதே வளாகத்திற்கு முனைவர் பட்ட ஆய்வுக்காகத் திரும்பியபோது, அந்தக் கூட்டம் மொத்தமும் கலைந்திருந்தது. தோழிகள் வேலைக்குப் போய்விட்டார்கள், இருவர் திருமணமாகி ஜொகூருக்கும் பினாங்குக்கும் போய்விட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் எனக்கும் குளிர்பதனப் பெட்டியின் முனகலுக்கும் இடையே ஒரு தட்டு நிறைய வண்டுகள். நாள் முழுவதும் எண்ணுவேன். மாலையில் யாரோடு பேசினாலும், "என்ன படிக்கிறே?" என்ற கேள்விக்கு "வண்டு" என்று பதில் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆறு மாதம் இப்படிப் போன பிறகுதான் அறிவிப்புப் பலகையில் அந்தச் சங்கத்தின் தாளைப் பார்த்தேன்.

அந்த வண்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எள்ளைவிடச் சற்றுப் பெரியது. எலைடோபியஸ் கமெருனிக்கஸ் என்பது அதன் அறிவியல் பெயர். பெயரிலேயே கேமரூன் இருக்கிறது. நம் நாட்டின் செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம் என்பது எல்லாருக்கும் தெரியும். 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நட்ட நான்கு கன்றுகளின் வழித்தோன்றல்களே இந்த வட்டாரத்தில் பரவின. 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே சிலாங்கூரில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை பயிரிட்டார். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம் தோட்டம்! செம்பனைத் தொழிலின் பிறந்த வீட்டுக்கு நம்மவர்கள் தென்னை மரத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

மரம் வந்தது, அதன் வண்டு வரவில்லை. செம்பனையில் ஆண் பூக்குலையும் பெண் பூக்குலையும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலங்களில் பூக்கும். ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்தின் பெண் பூவைச் சேர வேண்டும். காற்றே அந்த வேலையைச் செய்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். காற்று சரியாகச் செய்யவில்லை. குறிப்பாக இளம் மரங்களில் பெண் பூக்கள் அதிகம், ஆண் பூக்கள் குறைவு. குலைகள் பாதி காய்த்தும் பாதி அழுகியும் போயின. கேமரூனில் வேலை பார்த்த யூனிலீவர் நிறுவனத்தின் லெஸ்லி டேவிட்சன், அங்கே பூக்களில் மொய்த்த சிறு வண்டுகளைக் கவனித்தார். பின்னர் அந்நிறுவனத்தின் ஏற்பாட்டில், பூச்சியியலர் ரஹ்மான் சையத் கேமரூனில் ஆராய்ந்து, மகரந்தத்தைச் சுமப்பது இந்த வண்டுதான் என்று உறுதிப்படுத்தினார். 1981-இல் ஜொகூரிலும் சபாவிலும் வண்டுகளைத் திறந்துவிட்டார்கள். ஓரிரு ஆண்டுகளுக்குள் தீபகற்பம் முழுவதும் அவை பரவிவிட்டன. உலகப் பூச்சியியல் பாடநூல்கள் வெற்றிக் கதையாகச் சொல்லும் கதை இது.

2019-இன் தொடக்கத்தில் சங்கத்தின் மாலைப்பொழுதில் என் முறை வந்தது. மேற்சொன்ன கதையைச் சொல்லி, கரிமண் நிலங்களில் நட்ட செம்பனையில் காய்ப்பு ஏன் குறைகிறது, வண்டுகளுக்கு அங்கே என்ன ஆகிறது என்ற என் ஆய்வுக் கேள்விக்கு வந்துகொண்டிருந்தேன். நடுவில், "1981-க்கு முன்பு மகரந்தம் கையால் தூவப்பட்டது" என்று ஒரு வாக்கியம். எங்கள் துறையில் அப்படித்தான் எழுதுவோம். தூவப்பட்டது, எண்ணப்பட்டது, பதிவு செய்யப்பட்டது.

கிளந்தானைச் சேர்ந்த ஒரு தோழி கையைத் தூக்கினார். மனித சூழலியல் புலத்தில் தோட்டப்புறக் குடும்பங்களைப் பற்றி ஆய்வு செய்பவர். புரியாத சொல் எது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அவர் கேட்டார்: "கையால் என்றால், யாருடைய கை?"

"என் பாட்டியுடையது" என்றேன்.

நான் விளையாட்டாகச் சொல்வதாக நினைத்துச் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். மீதிப் பத்து நிமிடமும் கரிமண்ணுக்கு வரவே இல்லை. எத்தனை பெண்கள்? என்ன கூலி? வண்டு வந்த பிறகு அவர்களுக்கு என்ன வேலை கிடைத்தது? எனக்குத் தெரிந்தது பாட்டி சொன்ன கதைகள் மட்டும். எண்களைக் கேட்டால் வண்டின் எண்தான் என்னிடம் இருந்தது.

பல்துறை என்ற சொல்லை இப்போது விண்ணப்பப் பாரங்களிலெல்லாம் பார்க்கிறோம். நிதி கேட்கும்போது எழுதுகிற சொல்லாக அது ஆகிவிட்டது என்பது என் எண்ணம். ஆனால், நம் மண்ணில் அதற்கு நல்ல முன்னோடி உண்டு. 1961-இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்று வந்த தனிநாயகம் அடிகளார், 1964-இல் புதுடில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவர். 1966 ஏப்ரலில் அந்த மன்றத்தின் முதல் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். இலக்கியவாணர்கள் மட்டும் கூடிப் பேசிக் கலைகிற மாநாடாக அதை அவர் நடத்தவில்லை. மொழியியலாளர், வரலாற்றாளர், தொல்லியலாளர், மானிடவியலாளர் எனப் பலரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தார். தமிழைப் பற்றித் தமிழ்த்துறைக்கு வெளியே இருந்து கேட்கப்படும் கேள்விகளுக்கு அவர் அஞ்சவில்லை. எங்கள் மாதாந்தர மாலைக்கு அவ்வளவு பெரிய பெயரெல்லாம் கிடையாது, பிஸ்கட்டும் தேத்தண்ணியும்தான். ஆனாலும் வேலை ஒன்றுதான்: உள்ளே இருப்பவர் கேட்காததை வெளியே இருப்பவர் கேட்பது.

அந்த ஆண்டு நடுவில் கிளந்தான் தோழியும், வேளாண் பொருளியல் படிக்க வந்திருந்த நைஜீரிய நண்பர் ஒருவரும் என்னோடு ஊருக்கு வந்தார்கள். ஹுத்தான் மெலிந்தாங் என்றால் குறுக்கே கிடக்கும் காடு என்று பொருள். பேராக்கின் தெற்கு ஓரத்தில், பெர்ணம் ஆற்றை ஒட்டியது. ஆற்றைக் கடந்தால் சிலாங்கூர். 2017 முதல் பாகான் டத்தோ மாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது. எங்கள் பாட்டிக்கு இன்னும் கீழ்ப்பேராக்தான். ஆற்றங்கரையில் மீன்பிடிப் படகுகள், இந்தப் பக்கம் தென்னை, அந்தப் பக்கம் செம்பனை. கோலாலம்பூரில் பேருந்து ஏறித் தெலுக் இந்தானில் இறங்கினோம். அப்பா காரோடு வந்து நின்றார். சங்கத்துக்காரர்களை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவர்களுடைய பைகளைத் தாமே தூக்கிக்கொண்டார்.

நாங்கள் இப்போது இருப்பது தாமான் வீடு. தாத்தா ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாட்டி வாசலில் உட்கார்ந்து, தமிழும் சந்தை மலாயும் கலந்து கிளந்தான் தோழிக்குப் பதில் சொன்னார். கிளந்தான் மலாயும் பாட்டியின் மலாயும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன. மீதியை நான் மொழிபெயர்த்தேன்.

விடியற்காலைப் பெரட்டு. மண்டோர் பெயர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுப்பார். ஆண் பூவிலிருந்து எடுத்து, உலர்த்திச் சலித்த மாவை, முகத்துக்குப் பூசுகிற பவுடர் போன்ற வெள்ளைத் தூளோடு கலந்து கொடுப்பார்கள். அமுக்கினால் புஸ்ஸென்று ஊதும் ரப்பர்க் குப்பி ஒன்று. ஒரு ஹெக்டரில் ஏறக்குறைய 140 மரம். ஒவ்வொரு மரமாகப் போய், மட்டையை விலக்கி, உள்ளே பெண் பூ மலர்ந்திருக்கிறதா என்று பார்த்து, மலர்ந்திருந்தால் ஊத வேண்டும். பூ இரண்டு மூன்று நாள்தான் தயாராக இருக்கும். அதற்குள் திரும்ப வராவிட்டால் அந்தக் குலை போச்சு. ஆகவே வாரத்தில் பல முறை அதே நிரை, அதே மரம், அதே முள். மட்டைக்குள் பாம்பு இருக்கும், குளவி இருக்கும், எலி இருக்கும். "முள்ளு குத்தாத நாளே இல்ல. மூஞ்சியெல்லாம் மாவு. வீட்டுக்கு வந்தா ஒங்கம்மா பேய்னு அழுவா."

"பூ மலர்ந்திருச்சுன்னு எப்படிப் பாட்டி தெரியும்?" என்று கேட்டேன். நிறம் பார்ப்பார்கள் என்று நான் படித்திருந்தேன்.

"கிட்ட போனாலே தெரியும். சோம்பு வாசம் அடிக்கும்."

அந்த இடத்தில் நான் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டேன். மலர்ந்த செம்பனைப் பூ எஸ்ட்ராகோல் என்ற வேதிப்பொருளை வெளிவிடுகிறது. அதன் வாசனை சோம்பின் வாசனைதான். அந்த வாசனைதான் வண்டை ஆண் பூவுக்கு இழுக்கிறது. அதே வாசனையை வீசும் பெண் பூ அதை ஏமாற்றி உள்ளே வரவழைக்கிறது. வண்டின் உடம்பில் ஒட்டிய மகரந்தம் அங்கே உதிர்கிறது. நான் கருவி வைத்து அளந்துகொண்டிருந்த அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான், வண்டு இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பு, ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டத்தில் என் பாட்டி மரம் மரமாகப் போயிருக்கிறார்.

நைஜீரிய நண்பர் அதுவரை பேசவில்லை. அவருடைய ஊரில் செம்பனை காட்டில் தானாக முளைக்கும் மரம். ஆண்கள் கயிறு கட்டி ஏறிக் குலையை வெட்டுவார்கள், பெண்கள் வேகவைத்து எண்ணெய் எடுப்பார்கள், அந்தச் சிவப்பு எண்ணெயில் குழம்பு வைப்பார்கள், மரத்தில் கள்ளும் இறக்குவார்கள். இதை நான் மொழிபெயர்த்தபோது பாட்டிக்கு நம்ப முடியவில்லை. "இந்த மரத்துலயா கள்ளு?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "அங்க பூவுக்கு மாவு யாரு அடிக்கறது?" என்றார். நண்பர், "யாரும் இல்லை. வண்டு இருக்கிறது" என்றார். பாட்டி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். "அப்ப அந்த வண்டை மரத்தோடயே கொண்டாந்திருக்கலாம்ல. எங்களை எதுக்கு இத்தன வருஷம் முள்ளுல விட்டாங்க?"

வண்டு வந்தபின் என்ன ஆயிற்று என்று தோழி கேட்டார். முதலில் வாரத்தில் சில நாள் வேலை குறைந்தது. பிறகு ஒரு நாள் பெரட்டில், இனி மாவு வேலை இல்லை என்று சொன்னார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. எங்கிருந்தோ பூச்சி வந்திருக்கிறது என்பது பிற்பாடு காதில் விழுந்த செய்தி. சில பெண்களுக்கு உரம் போடும் வேலை, சிலருக்கு மருந்தடிக்கும் வேலை. பாட்டிக்கு உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை. அதில் அந்தப் பெண்களைப் பிரித்துப் பல நிரைகளில் போட்டுவிட்டார்கள். பாட்டி அதிகம் வருந்தியது அதற்குத்தான் என்று தோன்றியது. முள் போனதற்காக அல்ல, கூலிக்காகவும் அவ்வளவு இல்லை; கூடவே பாடிக்கொண்டும் திட்டிக்கொண்டும் போன ஐந்தாறு பெண்கள் போனதற்காக.

திரும்பும் வழியில் பேருந்தில் நாங்கள் மூவரும் சண்டை போட்டோம். வண்டு வந்ததால் விளைச்சல் உயர்ந்தது, ஆபத்தான வேலை ஒழிந்தது, இதில் வருந்த என்ன இருக்கிறது என்பது பொருளியல் நண்பரின் கட்சி. லாபம் கூடியதில் அந்தப் பெண்களுக்கு என்ன பங்கு கிடைத்தது என்பது தோழியின் கட்சி. என்னைக் கேட்டால், பாம்பு இருக்கிற மட்டைக்குள் மறுபடியும் யாரும் கை விட வேண்டாம். வண்டு வந்தது நல்லது. ஆனால், அந்த வண்டைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் ஒவ்வொன்றும் அதனால் மிச்சமான செலவைச் சொல்கிறது. மிச்சமான செலவு என்பது யாரோ ஒருவர் வாங்காமல் போன கூலி. அது எங்கள் வீட்டுக் கூலி. தஞ்சோங் காராங் தாண்டியும் சண்டை ஓயவில்லை. முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்த பிறகுதான் குரலைத் தாழ்த்தினோம்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஆய்வுக்கூடம் மூடப்பட்டது, என் வண்டுகள் செத்தன. வெளிநாட்டு மாணவர்கள் விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் மாட்டிக்கொண்டார்கள். அப்போது இந்தச் சங்கம் செய்த வேலையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். அரிசி மூட்டைகளைக் கணக்கெடுத்து அனுப்பியவர்களில் மண்ணியல் மாணவர் உண்டு, இசை மாணவர் உண்டு. பாட்டியிடம் சொன்னபோது, "இது சங்கம்" என்று ஒப்புக்கொண்டார்.

கிளந்தான் தோழியும் நானும் அந்த மூடிய மாதங்களில் பாட்டியின் பேச்சை எழுதி முடித்தோம். பாட்டி மூலமாக, அவரோடு வேலை செய்த இன்னும் சிலரையும் தொலைபேசியில் பிடித்தோம். ஒருவர் பந்திங்கில் மகன் வீட்டில் இருந்தார், ஒருவருக்குக் காது கேட்கவில்லை, இருவர் இறந்துவிட்டிருந்தார்கள். மாவும் தூளும் என்ன அளவில் கலந்தார்கள் என்பதில் ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதும் ஒத்துவரவில்லை. சோம்பு வாசத்தை மட்டும் எல்லாரும் சொன்னார்கள். கூலி கேட்டால் ஒவ்வொருவரும், தங்களுக்குத்தான் குறைவாகப் போட்டார்கள் என்றார்கள்.

என் ஆய்வேடு கரிமண்ணையும் வண்டையும் பற்றியது. அதில் பெண்களுக்கு இடம் முன்னுரையில் ஒரே ஒரு வாக்கியம். "மகரந்தம் கையால் தூவப்பட்டது" என்று இருந்ததை, "தோட்டப்புறப் பெண் தொழிலாளர்கள், மலர்ந்த பூவை அதன் வாசனையால் அறிந்து, கையால் மகரந்தம் தூவினர்" என்று எழுதினேன். அப்படி எழுதினால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அச்சில் வந்த கட்டுரை எதிலும் வாசனை பிடித்துப் போன பெண்களை நான் பார்க்கவில்லை. நேரில் தெரிவித்த தகவல் என்று குறிப்பிட்டு, தகவல் தந்தவர் பெயரைப் போடலாம் என்பது விதி. பாட்டியிடம் ஒப்புதல் வாங்கிப் போட்டேன்.

கணினியின் மேற்கோள் நிரலுக்கு நம் பெயர் முறை தெரியாது. அது பாட்டியின் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் தகவலைப் பதிந்து, பாட்டியை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டது. கொள்ளுத் தாத்தா பால்மரம் வெட்டியவர், செம்பனைப் பூவைத் தொட்டதே இல்லை. இரண்டு முறை திருத்தினேன், இரண்டு முறையும் அது பழையபடியே மாற்றிக்கொண்டது. கடைசியில் நிரலை நிறுத்திவிட்டு, பாட்டியின் பெயரை எழுத்து எழுத்தாகக் கையால் தட்டச்சு செய்தேன்.